பதினான்கு தடவை 96.2

ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை பக்கம் வேலை பார்க்கிற பிள்ளைகள் எப்போதாவது எனக்குப் போன் செய்வார்கள். நலம் விசாரிக்க அல்ல. எங்கோ ஒரு பழைய ஃபேக்டரியில் மெஷினுக்கு உத்தரவு போடுகிற இருபது வருடத்துக் கன்ட்ரோலர் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதைத் தூக்கிப் போட முதலாளிக்கு மனம் வராது. ஆனால் மெஷின் பக்கத்தில் புதிதாக ஈதர்நெட் பெட்டி வைத்து இரண்டையும் ஒட்டச் சொல்வார். "எப்படி சார் ஒட்டுறது?" என்று கேட்பார்கள். ஒட்டுவது அரைநாள் வேலை என்று சொல்லிவிட்டுச் சிரிப்பேன். ஒட்டியிருக்கிறதா என்று தெரிந்துகொள்வதுதான் பெரிய வேலை. அதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று போனில் சொல்ல முடியாது, வெட்கமாக இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

சொந்த ஊர் நகரி. நைனாவுக்கு இரண்டு பவர்லூம் இருந்தது. எனக்கு நூலைவிட மோட்டார் மேல்தான் கண். திருப்பதியில் ஐ.டி.ஐ. படித்தேன். ரேணிகுண்டா ரோட்டில் மின்சாரப் பேனல் செய்து பொருத்தித் தருகிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, போன வருடம் வெளியே வந்தேன். எனக்குக் கடவுள் கொடுத்த ஒரே தகுதி எட்டிப் பார்க்கிற புத்தி. பாகாலா ஸ்டேஷனில் ரயில் மாறக் காத்திருக்கும்போதுகூட பிளாட்பார ஓரத்து சிக்னல் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று குனிந்து பார்த்து, போலீஸ்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

என் மேலதிகாரி சுப்பராயலு சார். தாய்மொழி தெலுங்கு, எங்களோடு பேசும்போது பாதித் தமிழ். கத்தமாட்டார், மேஜையைத் தட்டமாட்டார். வேலை முடிந்தது என்று யார் போய் நின்றாலும் மூன்றே கேள்விகள் கேட்பார். "சூசாவா? எக்கட சூசாவு? எந்தசேபு சூசாவு?" பார்த்தாயா, எங்கே பார்த்தாய், எவ்வளவு நேரம் பார்த்தாய். மூன்றாவது கேள்வியில்தான் எல்லோரும் மாட்டுவோம்.

ஈதர்நெட் பெட்டிகள் எங்கள் பக்கம் வந்த புதிதில் சித்தூரில் ஒரு பால் பண்ணையில் முதல் பெட்டியைப் பொருத்தினேன். கலக்கி பட்டனை அமுக்கினால் குளிர்நீர் பம்ப் ஓடியது. பம்ப் பட்டனை அமுக்கினால் அடுத்த வால்வு திறந்தது. ஒயர் எல்லாம் சரி. மத்தியானம் வரை தலையைச் சொறிந்தேன். சுப்பராயலு சார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாரே தவிர, வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பிடிபட்டது: பழைய கன்ட்ரோலர் இணைப்புகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறது, புதிய பெட்டி பூஜ்யம், ஒன்று என்று எண்ணுகிறது. எல்லாம் ஒரு இடம் தள்ளிப்போயிருந்தது. எனக்கு ஒரே குஷி. "சார், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன். "தெரியும். சொல்லியிருந்தா நீ பாத்திருக்க மாட்ட" என்றார்.

இப்போது அந்த மாம்பழக் கூழ் ஃபேக்டரி. சித்தூரிலிருந்து கங்காதர நெல்லூர் போகிற பக்கம் இருந்தது. பெயர் வேண்டாம். மே மாதக் கடைசியிலிருந்து தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை நிற்கும். பழத்தை அரைத்து, சாறாக்கி, கொதிக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே வைத்துக் கிருமி நீக்கி, காற்றுப் புகாத பைகளில் அடைத்து, பையைப் பீப்பாயில் இறக்கி மூடுவார்கள். கிருமி நீக்குகிற மெஷின்தான் ஸ்டெரிலைசர். கூழ் தொண்ணூற்றாறு டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். சூடு குறைந்தால் ஒரு வால்வு தானாகத் திரும்பி, கூழைப் பைக்கு விடாமல் பழைய தொட்டிக்கே அனுப்பிவிடும். இதையெல்லாம் பார்த்து உத்தரவு போடுவது தூரத்து அறையில் இருந்த பழைய கன்ட்ரோலர்.

மெஷினுக்கும் அந்த அறைக்கும் நடுவே தரைக்கு அடியில் ஓடிய ஒயர்களைப் பெருச்சாளிகள் கடித்துத் தீர்த்துவிட்டன. மாம்பழ வாசனைக்கு வந்தவை ஒயரையும் விடவில்லை. அதனால் மெஷின் ஓரத்தில் ஒரு ஈதர்நெட் பெட்டி வைத்து, எல்லா ஒயரையும் அதில் முடித்து, அங்கிருந்து ஒரே ஒரு கேபிளைக் கன்ட்ரோலர் அறைக்கு இழுத்தேன். பழைய கன்ட்ரோலருக்கு ஈதர்நெட் பாஷை தெரியாது. ஆகவே நடுவில் கேட்வே என்று ஒரு சின்னப் பெட்டி. சித்தூர் மண்டியில் தமிழ் வியாபாரிக்கும் தெலுங்கு விவசாயிக்கும் நடுவே ஒருவர் நின்று, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் சொல்வாரே, அந்த வேலைதான் அதற்கு.

வேலை முடித்தால் நிரப்ப வேண்டிய சோதனைத் தாள் ஒன்று உண்டு. சுப்பராயலு சார் தயாரித்தது. அதில் இரண்டு வரிகளுக்குக் கீழே அவரே பேனாவால் கோடு போட்டிருப்பார். ஒன்று, கன்ட்ரோலருக்கும் கேட்வேக்கும் நடுவில் உள்ள கேபிளைப் பிடுங்கிப் பார். இரண்டு, கேட்வேக்கும் மெஷின் ஓரப் பெட்டிக்கும் நடுவில் உள்ள கேபிளைப் பிடுங்கிப் பார். பிடுங்கினால் அலாரம் அடிக்க வேண்டும், மெஷின் பத்திரமான நிலைக்குப் போக வேண்டும்.

முதல் கேபிளைப் பிடுங்கினேன். அலாரம் அலறியது. இரண்டாவதைப் பிடுங்கப் போகும்போது கூழ் ஓட ஆரம்பித்துவிட்டது. மேனேஜர் தலைக்கு மேல் நின்றார். வெளியே டிராக்டர் ஹாரன். இப்போது பிடுங்கினால் லைன் நின்று, குழாய்க்குள் கூழ் கருகும். ஒன்று அடித்தது, இன்னொன்றும் அடிக்கும் என்று நினைத்தேன். இரண்டு வரியிலும் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். சாரின் மூன்று கேள்விக்கும் நிதானமாகப் பொய் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அது பொய் என்றே படவில்லை.

ஒரு மாதம் கழித்துச் சார் கூப்பிட்டார். "சம்பத்து, அந்தக் கூழ் ஃபேக்டரில ஒரு லெட்டர் கேக்கறாங்க. நம்ம வேலைல குத்தம் இல்லனு." கிடங்கில் சில பீப்பாய்களில் பை உப்பியிருந்ததாம். உள்ளே கூழ் புளித்துவிட்டது. ஆபரேட்டர் சூட்டைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார், ஆளை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள், அதற்கு எங்கள் லெட்டர் தேவை. "உன் ஷீட் இருக்கு. அத வச்சே குடுத்துரலாம்" என்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஆனா ஒரு தடவ போய் பாத்துட்டு வா" என்றார்.

மேனேஜர் ஆந்திரக் கடலோரக் கோஸ்தா பக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை, சீசனில் தூங்காத மனிதர். ஆபரேட்டர்கள் கால்மணிக்கு ஒருமுறை, மெஷின் பக்கத்தில் கன்ட்ரோலரின் எண்களைக் காட்டும் திரையைப் பார்த்துச் சூட்டை எழுதும் லாக் புத்தகத்தை என் முன்னால் விரித்தார்.

"சூடண்டி, பாருங்க. இது வேல பண்றவன் எழுத்தா?"

காலை பத்தேகாலிலிருந்து மதியம் ஒன்றரை வரை அந்தப் பக்கத்தில் ஒரே எண். 96.2. அதற்குக் கீழே 96.2. மறுபடி 96.2. எண்ணிப் பார்த்தேன், பதினான்கு தடவை. கையெழுத்து தனகோட்டி.

"ஒக்காந்த எடத்துல ஒக்காந்து ஒரே நம்பர எழுதியிருக்கான். மத்தவங்க புக் பாருங்க" என்று இன்னொரு ஷிஃப்டின் பக்கத்தைக் காட்டினார். 95.8, 96.3, 96.1, 95.9. அழகாக ஏறி இறங்கியிருந்தது. அந்த ஷிஃப்டிலும் நாலைந்து பீப்பாய்கள் உப்பியிருந்தன. ஆனால் புத்தகம் ஒழுங்காக இருந்ததால் அது மட்டமான பையின் கோளாறு என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

தனகோட்டியைப் பார்க்க வேண்டும் என்றேன். மூன்று வாரமாக அவரை மெஷின் பக்கம் விடவில்லை. டிராக்டரிலிருந்து மாங்காய்க் கூடை இறக்கும் இடத்தில் போட்டிருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். ஆறு சீசன் தற்காலிகமாக ஓட்டிவிட்டு, இந்த வருடம் பர்மனென்ட் என்று வாக்குக் கிடைத்திருந்த ஆள். என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தார். சட்டை முழுக்க மாம்பால்.

"இன்னாபா தனகோட்டி, பதினாலு தடவ ஒரே நம்பர் எழுதியிருக்க?"

"திரைல அதான் சார் இருந்துச்சி. ஒவ்வொரு தபாவும் எழுந்து போயி பாத்துக்கினுதான் எழுதுனேன்."

"ஒரு புள்ளிகூட மாறலயா?"

"ஆடவே இல்ல சார். மெஷின் சூப்பரா செட் ஆயிட்ச்சினு நெனச்சிக்கினேன். நம்ம ஷிஃப்ட்ல எப்பிடி நிக்குது பாருனு பக்கத்துல இருந்தவங்ககிட்ட பெருமையாகூட சொன்னேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எல்லாரும் சொல்லி சொல்லி, இப்போ எனக்கே டவுட்டா கீது சார். ஒருவேள தூங்கித்தான் பூட்டனோ இன்னாவோ."

அந்தப் பேச்சு எனக்கு உறைத்தது. ஆவியில் சூடேறுகிற கூழின் வெப்பம் மூன்றேகால் மணி நேரம் ஒரு புள்ளி ஆடாமல் நிற்காது. பாய்லர் மூச்சு விட்டாலே கால் டிகிரி ஆடும். அந்த எண் அவர் மனதிலிருந்து வந்திருந்தால் இப்படி இருக்காது. மனதிலிருந்து எழுதுகிறவன் கொஞ்சம் ஏற்றி இறக்கித்தான் எழுதுவான். பதினான்கு தடவை ஒரே எண்ணை எழுதத் துணிகிறவன் ஒன்று சுத்த முட்டாளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆள் முட்டாள் இல்லை.

ஸ்டெரிலைசர் எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்குப் பயம் இல்லை, ஆர்வம்தான். திரையில் எண் உயிரோடு ஆடிக்கொண்டிருந்தது. 95.7, 96.0, 95.8. ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தரை கழுவ இரண்டு பெண்கள் வந்தார்கள். தண்ணீர் பீய்ச்சி, சிந்திய கூழைத் தள்ளி, வேலை முடிந்ததும் கனமான ரப்பர் ஹோஸைச் சுருட்டி, மெஷின் ஓரத்தில் என் பெட்டிக்குள் நுழைகிற கேபிள் குழாயின் வளைவில் மாட்டிவிட்டுப் போனார்கள். திரையில் 95.9. நிமிடம் போனது. 95.9. இன்னொரு நிமிடம். 95.9.

ஓடிப்போய் அந்தப் பெண்களைக் கூப்பிட்டேன். "ஏம்மா, ஹோஸ எப்பவும் இங்கதான் மாட்டுவீங்களா?"

"செவுத்து கொக்கி ஒட்ஞ்சி பூட்ச்சி சார். கீழ போட்டா சூப்பர்வைசர் திட்றாரு. இது நல்லா வசதியா கீது."

ஹோஸை எடுத்தேன். எண் ஆடியது. மாட்டினேன். நின்றது. எடுத்தேன், ஆடியது. பெட்டியைத் திறந்து பார்த்தால், கேபிள் பிளக்கைப் பிடித்து நிறுத்தும் சின்ன நாக்கு உடைந்திருந்தது. ஹோஸின் கனம் கேபிளை இழுத்தால் பிளக் ஒரு நூல் வெளியே வரும், தொடர்பு அறுந்துவிடும். அடுத்த முறை கழுவ ஹோஸை எடுத்தால் தானாகச் சேர்ந்துகொள்ளும். தனகோட்டியின் பக்கத்தில் எண் நின்ற நேரமும் மறுபடி ஆடிய நேரமும் தரை கழுவுகிற நேரங்களேதான்.

அறுந்தால் அறுந்தது, அலாரம் ஏன் அடிக்கவில்லை? அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். நடுவில் நின்று பாஷை மாற்றிச் சொல்கிற கேட்வே, அந்தப் பக்கத்து ஆள் பேச்சை நிறுத்தினால் அதைச் சொல்லாது. அவர் கடைசியாகச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். பழைய கன்ட்ரோலரும் பாவம், கேட்வே பதில் சொல்கிறதே என்று நம்பிக்கொண்டிருக்கும். முதல் கேபிளைப் பிடுங்கினால் கேட்வேயே காணாமல் போகிறது, அதனால் அலாரம் அடித்தது. இரண்டாவது கேபிளைப் பிடுங்கியிருந்தால் அடித்திருக்காது. அன்றைக்கே தெரிந்திருக்கும். அரை நிமிட வேலை.

அதோடு, மெஷின் ஓரப் பெட்டி தொடர்பு அறுந்தால் வால்வுகளைக் கடைசியாக இருந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும்படிதான் தயாரித்த கம்பெனியிலிருந்து வந்திருந்தது; நான் மாற்றவில்லை. பாய்லர் அழுத்தம் குறைந்து கூழ் ஆறிப்போனாலும் பை பக்கத்து வால்வு திறந்தேதான் இருந்திருக்கிறது.

என் பைக்குள் கையை விட்டு அந்தச் சோதனைத் தாளின் நகலை எடுத்தேன். இரண்டாவது வரியில் என் டிக், என் கையெழுத்து. அந்த ஃபேக்டரியில் அந்த மாதம் எழுதிய காகிதங்களில் பார்த்து எழுதியது தனகோட்டியின் புத்தகம் ஒன்றுதான். மற்ற ஷிஃப்ட்காரர்கள் திரையைப் பார்க்காமலே எண்ணை ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். நான் கேபிளைப் பார்க்காமலே டிக் போட்டிருக்கிறேன். வேலையிலிருந்து போகப்போவது மட்டும் தனகோட்டி. லெட்டரைக் கொடுத்துவிட்டு, பிளக்கைச் சத்தம் போடாமல் மாற்றிவிட்டுப் போய்விடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

சாருக்குப் போன் செய்தேன். முழுதும் கேட்டார். "ரெண்டாவது கேபிள பிடுங்கவே இல்ல சார். பொய் சொன்னேன்" என்றேன். அவருடைய சாதாரணக் குரலிலேயே சொன்னார்: "ஷீட்ட கிழிக்காத. அந்த வரிய ஒரே கோடா அடி. அடிச்சது தெரியணும். பக்கத்துல 'பார்க்கவில்லை'னு எழுதி, இன்னிக்கி தேதி போடு. அத மேனேஜர் கையில குடு. பெறகு வேலய பாரு." அவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மேனேஜரை மெஷின் பக்கம் கூட்டி வந்து ஹோஸை மாட்டச் சொன்னேன். கூழ் தொட்டிக்குத் திரும்பும்படி வால்வைக் கையால் மாற்றிவிட்டு, ஆவியைக் கொஞ்சம் குறைத்தேன். என் பையிலிருந்த தெர்மாமீட்டரைக் குழாயில் வைத்தேன். அது 91, 88, 85 என்று இறங்கியது. திரை 95.9 என்றது. மேனேஜர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மற்ற ஷிஃப்ட் புத்தகத்தை நினைத்திருப்பார் போல, முகம் சிவந்தது.

"அப்போ அவனுங்க எழுதினது? அவனுங்கள எல்லாம் அனுப்பறேன்!"

"அனுப்பணும்னா என் பேர முதல்ல எழுதுங்க சார்" என்று அடித்து எழுதிய தாளை நீட்டினேன். வாங்கிப் படித்தார். என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் கம்பெனிக்கு அடுத்த இரண்டு சீசன் அந்த ஃபேக்டரி வேலை வரவில்லை. மற்ற ஆபரேட்டர்கள் யாரையும் அவர் அனுப்பவில்லை. கூப்பிட்டு வைத்துக் கிழித்தார் என்று கேள்விப்பட்டேன்.

அன்று லைனை நிறுத்தி வேலையை ஒழுங்காகச் செய்தேன். பிளக்கை மாற்றி, கேபிளை இறுக்கிக் கட்டி, சுவரில் புதுக் கொக்கி அடித்தேன். தொடர்பு அறுந்தால் வால்வுகள் பத்திரமான நிலைக்கு விழும்படி பெட்டியை மாற்றினேன். பிறகு மெஷின் ஓரப் பெட்டியில் ஒரு ஜாண் ஒயரை ஒரு வெளியீட்டிலிருந்து பக்கத்து உள்ளீட்டுக்கு வளைத்துக் கட்டினேன். கன்ட்ரோலர் நொடிக்கு ஒருமுறை அந்த ஒயர் வழியாக ஒரு தட்டுத் தட்டும். அந்தத் தட்டு தனக்கே திரும்பி வருகிறதா என்று பார்க்கும். மூன்று நொடி வராவிட்டால் அலாரம் அடித்து லைனை நிறுத்திவிடும். நடுவில் இருப்பவர் என்ன கதை சொன்னாலும் இந்த ஒரு தட்டை மட்டும் அவரால் இட்டுக்கட்ட முடியாது. கட்டிவிட்டு இரண்டாவது கேபிளைப் பத்து தடவை பிடுங்கினேன். பத்து தடவையும் அலாரம் அடித்தது.

தனகோட்டியை மெஷினுக்குத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். கை கழுவிக்கொண்டு வந்தவர் என் எதிரில் நின்றார்.

"அப்போ நான் தூங்கல தான சார்?"

"தூங்கலபா. இந்த ஃபேக்டரில நீ ஒருத்தன்தான் முழிச்சிக்கினு இருந்த."

அவர் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "இத எங்க ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்றீங்களா சார்?" என்றார்.

ஷிஃப்ட் முடிந்ததும் அவருடைய டிவிஎஸ் வண்டியின் பின்னால் உட்கார்ந்து கங்காதர நெல்லூருக்குப் போனேன். அவருடைய மனைவி வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். என் பேன்ட் சட்டையைப் பார்த்ததும், வேலை போன சேதியைச் சொல்ல யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார். கையில் சாம்பல் அப்படியே இருந்தது. பீப்பாய் கெட்டதற்கு உங்கள் வீட்டுக்காரர் காரணம் இல்லை, அவர் பார்த்துத்தான் எழுதினார், பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான் என்று சொன்னேன். கேட்வே, கேபிள் எதுவும் சொல்லவில்லை.

அந்த அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "மூணு வாரமா சொல்லிக்கினே கீறாரு சார், நான் தூங்கலனு" என்றார். "நான்கூட நம்பல."

என்னிடம்தான் சொன்னார். ஆனால் தனகோட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.